‘தாங்கும்’ என்பவர்

எடைக்கல் கண்டுபிடித்து எத்தனையோ காலமாகியும் அதை நம்பாத ஓர் இனம் இந்த உலகத்தில் உண்டு. உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். ஆட்டம் கண்ட கட்டிலில் ஐந்தாவது ஆள் உட்காரலாமா, இற்றுப்போன கயிற்றில் அண்டாவைக் கட்டிக் கிணற்றில் இறக்கலாமா, ஒரே சைக்கிளில் மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் ஒரு பலாப்பழத்தையும் ஏற்றலாமா, எதைக் கேட்டாலும் குனிந்து பார்ப்பார், உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டுவார், ‘தாங்கும்’ என்பார். எவ்வளவு தாங்கும்? அதை மட்டும் கேட்கக் கூடாது.

முசிறி மயிலம்மாளுக்கு அப்படி ஒருவர் கூடப்பிறந்த அண்ணனாகவே வாய்த்திருந்தார். பெயர் அழகிரி.

மயிலம்மாள் உழவு மாடுகளை விற்று டிராக்டர் வாங்கியவள். அது சேற்று உழவின் நடுவில் கியர் உடைந்து நின்றுவிட்டது. வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறது. நாற்றுக்கு இருபது நாள் ஆகிவிட்டது. ஒரு வாரத்துக்குள் டிராக்டர் திருச்சிப் பட்டறைக்குப் போய்த் திரும்பாவிட்டால் நாற்று முற்றிவிடும். அந்தப் போகமே போய்விடும்.

அழகிரி எங்கேயோ ஒரு டிரெய்லரை இரவல் வாங்கி வந்தார். அதை இழுக்க பஷீர் அகமதுவின் லாரி. பலகை சாய்த்து, டிராக்டரை மருதையும் இன்னும் ஐந்து பேரும் தள்ளத் தயாரானபோது, பஷீர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து டிரெய்லரில் அடித்திருந்த தகட்டைத் துடைத்தார்.

“மூணு டன்னுன்னு போட்டிருக்கு. டிராக்டர் எவ்வளவும்மா?”

மயிலம்மாள் டிராக்டர் புத்தகத்தைப் பிரித்தாள். “ஆயிரத்தெண்ணூறு கிலோ, பாய்.”

“பாத்தியா! ஒரு டன்னுக்கு மேல மிச்சம்!” என்றார் அழகிரி. “வண்டி வெறுமனே ஏன் போவணும்? நம்ம தோட்டத்து வாழைத்தார் முப்பதையும் தூக்கிப் போடு. மருதை, நீயும் ஏறிக்கடா. தாங்கும்.”

“பொறுங்கண்ணே. அந்த மூணு டன்னு டிரெய்லரையும் சேத்துத்தான். வெறும் டிரெய்லரே ஒரு டன்னு.”

“தன்னைத் தானே எந்த வண்டியாவது சுமக்குமா? என்ன பாய் கணக்கு இது!”

“அதோட டயர் சுமக்குதே, அண்ணே.”

மயிலம்மாள் விரல் விட்டு எண்ணினாள். “அப்ப இருநூறு கிலோ மிச்சம். போதுமில்ல?”

“புத்தகத்துல இருக்கிற டிராக்டருக்குப் போதும்மா. உங்க டிராக்டர்ல பின் டயருக்குள்ள என்ன இருக்கு?”

அவளுக்குச் சுருக்கென்றது. சேற்றில் வழுக்கக் கூடாதென்று இரண்டு பின் டயர்களிலும் தண்ணீர் நிரப்பச் சொன்னவளே அவள்தான். அது மட்டும் முந்நூறு கிலோ. அதற்குமேல், சேற்றில் புதையாமலிருக்க மாட்டிய இரும்புக் கூண்டுச் சக்கரங்கள். பின்னால் கலப்பை.

“என் லாரி இழுத்துரும்மா. பாலத்து இறக்கத்துல நிறுத்தவும் வேணுமே!”

“அதெல்லாம் தாங்கும், மயிலு. நான் சொல்றேன்ல?”

“சொல்லுவீங்கண்ணே. இது ஆத்துல விழுந்தா ஏர் பூட்ட நீங்க வருவீங்களா?”

மருதை சிரித்தேவிட்டான். அழகிரி சிரிக்கவில்லை.

அவள் சொன்னபடி டயர்த் தண்ணீர் இறங்கியது. கூண்டுச் சக்கரங்களும் கலப்பையும் கழன்று வீட்டிலேயே தங்கின. வாழைத்தார்கள் கீழேயே கிடந்தன. டிராக்டரின் பாரம் டிரெய்லரின் அச்சுக்குச் சற்று முன்னால் வரும்படி நிறுத்தி, நாலு மூலையிலும் சங்கிலி போட்டு இறுக்கினார் பஷீர். இரண்டு மணி நேரம் ஆயிற்று. அத்தனை நேரமும் அழகிரி புளியமரத்தடியில் நின்று, போகிற வருகிறவர்களிடமெல்லாம் பயந்தாங்கொள்ளிகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

லாரி நிதானமாகக் கொள்ளிடப் பாலம் ஏறி இறங்கி, ஸ்ரீரங்கத்து மொட்டைக் கோபுரத்தைத் தாண்டி, காவிரிப் பாலத்தையும் கடந்து பட்டறை சேர்ந்தது. ஆறாம் நாள் டிராக்டர் தானே ஓடி ஊர் திரும்பியது. நடவு நடந்தது.

அழகிரி திருந்தினாரா? நடவன்று டீக்கடையில் அவர் குரல் வயல்வரை கேட்டது.

“நான் அன்னிக்கே சொன்னேன், தாங்கும்னு. ஒரு ஆணி அசைஞ்சுச்சா?”

மயிலம்மாள் வரப்பில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தாள்.

நீங்களும் சிரிக்கிறீர்கள். நல்லது. ஒன்றே ஒன்று கேட்கிறேன். தகட்டில் மூன்று டன், டிராக்டர் ஆயிரத்தெண்ணூறு என்று படித்ததும், பஷீர் ‘பொறுங்கண்ணே’ என்பதற்கு முன்னால், மனசுக்குள் கழித்துப் பார்த்து ‘தாராளமாகப் போகும்’ என்று தலையாட்டினீர்களா இல்லையா? உண்மையைச் சொல்லுங்கள். அந்த முப்பது வாழைத்தாரில் உங்கள் கையால் ஏற்றியது எத்தனை?