மாரீஸ்வரன் வாசலில் ஐயாயிரம் வாலா

நெருப்புக்குப் பயந்து பிழைப்பதுதான் எங்கள் தொழில். தாயில்பட்டி பட்டாசுக் கம்பெனியில் இருபது வருஷமாக ஒரு பொறி பறக்க விட்டதில்லை நான். அப்படிப்பட்ட என் வயிற்றிலேயே தீப்பிடித்துக்கொண்டது.

வைத்தவன் பக்கத்து வீட்டு மாரீஸ்வரன். நானும் அவனும் ஒரே கம்பெனி, ஒரே வேன், ஒரே சம்பளம். அவன் கிரைண்டர் வாங்கினால் மறுநாள் நானும் வாங்கிவிடுவேன். இப்போது அவன் மகள் சுகிர்தாவுக்கு மெடிக்கல் சீட் கிடைத்துவிட்டது. இதை நான் எந்தக் கடையில் போய் வாங்க?

நாலு நாள் அந்த வாசல் பக்கமே போகவில்லை. வேனில் தூங்குவதுபோல் நடித்தேன். ஐந்தாம் நாள் அவனே வீட்டுக்கு வந்துவிட்டான்.

"அண்ணே, நாளைக்குச் சாயங்காலம் தெருவுக்கே பிரியாணி. நீங்க வந்து மொதச் சரம் பத்த வச்சாத்தான் பந்தி!"

அப்போதுதான் அந்த யோசனை உதித்தது. என் வீட்டுப் பரணில் ஓர் ஐயாயிரம் வாலா சரம் கிடந்தது. கம்பெனியில் ஆளுக்கொன்று கொடுத்தது. போன மழைக்கு ஓடு ஒழுகி, பெட்டியோடு ஊறிக் காய்ந்திருந்தது. அதைக் கொண்டுபோனால் தாராளப் பிரபு என்ற பெயர் எனக்கு. பற்றவைத்தால் புஸ்ஸென்று அடங்கும். மாரீஸ்வரனின் பெருமையும் கூடவே அடங்கும்.

பெட்டியைத் துணிக்கடைப் பையில் போடும்போது என் மனைவி பாண்டிமீனா வந்து நின்றாள்.

"என்னங்க, இதையா கொண்டு போகப் போறீக?"

"ஏன், இதுக்கென்ன?"

"ஒண்ணுமில்ல. தம்பி மேல அம்புட்டுப் பாசமான்னு பாத்தேன்."

"பாசம் இல்லாமயா?"

"நல்லது. அங்கன வச்சிட்டுப் போங்க. பூச்சுத்தி வைக்கிறேன்."

மறுநாள் தெருவே கூடிவிட்டது. பையிலிருந்து சரத்தை எடுத்து நீளமாக விரித்தேன். திரியில் தீ வைத்துவிட்டு ஒதுங்கி, புஸ்ஸுக்காகக் காத்திருந்தேன்.

வெடித்தது! ஒன்றுவிடாமல் வெடித்தது. எங்கள் தெரு நாய்கள் ஆனைக்குட்டம் அணையைத் தாண்டித்தான் நின்றிருக்கும்.

மாரீஸ்வரன் ஓடிவந்து கட்டிப்பிடித்தான். "நீங்க பேசாததுல நாலு நாளா சோறே எறங்கலண்ணே."

அவன் அழுதுகொண்டிருந்தான். சுகிர்தா வந்து, "பெரியப்பா, நான் போடப்போற மொத ஊசி உங்களுக்குத்தான்" என்று சிரித்தாள். கருமருந்து அள்ளிய கை வளர்த்த பிள்ளை. எனக்கும் கண் கலங்கிவிட்டது. வயிற்றில் எரிந்ததைத் தேடினேன், காணோம். மனசார சந்தோஷமாக இருந்தது. பிரியாணியை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "மீனா, ஊறுன சரம் எப்படி வெடிச்சுச்சு?"

"ஊறுனதுன்னு தெரிஞ்சேவா கொண்டு போனீக?"

நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"அது பரண்லதான் கெடக்கு. நேத்தே வேற வாங்கி மாத்திட்டேன். உங்க கை வச்சது புஸ்ஸுன்னு போனா ஊரு யாரப் பாத்துச் சிரிக்கும்? இருபது வருசமா வெடி செய்ற ஆளு!"

எனக்கு இது தோன்றவே இல்லை. அவளைக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

"மானத்தக் காப்பாத்துன தாயி! எந்தக் கடையில வாங்குன?"

"கடையிலயா? மாரீஸ்வரன் தம்பிகிட்டத்தான். விசயம் அம்புட்டையும் சொன்னேன். 'அண்ணன் பேரு கெட்டுறக் கூடாது மதினி'ன்னு அவுக சரத்தத் தூக்கிக் கொடுத்துட்டாக."