குலுங்காத பாட்டில்

என் ஆயுளில் நான் ஒரே ஒரு தடவைதான் சத்தம் போட்டிருக்கிறேன். அதில் ஒரு கல்லூரிக் கட்டடமே காலியாகிவிட்டது. (பஸ்ஸில் என் ஊர் வந்தால்கூட 'இறங்கணும்' என்று சொல்லக் கூசி, அடுத்த ஊரில் இறங்கி நடந்து வருகிறவள் நான்.)

படித்தது ஐந்தாம் வகுப்பு. எம். புதுப்பட்டியில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை. பட்டாசுக்குள் போகும் பொடியை நாங்கள் மருந்து என்போம். அதை உரசக் கூடாது, தட்டக் கூடாது, குலுக்கவே கூடாது. தட்டில் ஏந்தி நடந்தால் தூங்குகிற பிள்ளை மாதிரி அசையாமல் வரவேண்டும்.

என் தம்பி மகள் செல்வி, விருதுநகர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் சாயத் தண்ணீரைச் சுத்தமாக்கும் ஆராய்ச்சி செய்தாள். சென்னையிலிருந்து ஒரு பேராசிரியர் வந்து, அது நடப்பதைக் கண்ணால் பார்த்துச் சரி என்றால்தான் பட்டம். அவருக்கு மதியம் ரயில்.

"அத்தை, நீங்க வந்து பின்னால உக்காந்திருங்க. எனக்குத் தெம்பா இருக்கும்" என்றாள். போனேன்.

பஞ்சுமிட்டாய் நிறத் தண்ணீர் இரண்டு பாட்டிலில் இருந்தது. இரண்டிலும் வெள்ளைப் பொடியைப் போட்டாள். ஒன்றை மேசைமேல் வைத்துவிட்டு, மற்றதை ஒரு சின்னத் தொட்டியில் இறக்கி சுவிட்சைத் தட்டினாள். தொட்டி 'ங்ங்ங்' என்று நடுங்கியது.

"இது பேரியம் சேர்ந்த பொடி சார். கண்ணுக்குத் தெரியாத அளவு சன்னமான துகள். கேஸ் லைட்டரை அமுக்குனா பொறி வருதுல்ல, அந்த மாதிரி இதைக் குலுக்குனா ஒவ்வொரு துகள்லயும் மின்சாரம் உண்டாகும்."

பேரியம்! பச்சை வெளிச்சத்துக்கு நாங்கள் போடுகிற சரக்கு. அதைக் குலுக்குகிறாள். பொறி வேறு! (தண்ணீருக்குள் கிடக்கிற பொடி எப்படி வெடிக்கும் என்பீர்கள். அதை யோசிக்க மூளை வேண்டும். எனக்கு அப்போது தொண்டையும் காலும்தான் இருந்தன.)

"ஓடுங்க! எல்லாரும் வெளிய ஓடுங்க!"

எங்கள் பக்கத்தில் இப்படிக் குரல் கேட்டால் ஏன் என்று யாரும் நின்று கேட்பதில்லை. பிள்ளைகள் ஓடினார்கள். பக்கத்து வகுப்பு ஓடியது, மாடி ஓடியது. சென்னைக்காரர் ஒற்றைச் செருப்போடு ஓடினார். நடுங்குகிற பாட்டிலைக் காப்பாற்ற முடியாது, நடுங்காததையாவது அப்புறப்படுத்துவோம் என்று அதை முந்தானைக்குள் மூடி எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்கு வந்தேன். ஓடவில்லை. மருந்துத் தட்டு ஏந்துகிற அதே நடை.

செல்வி மூச்சிரைக்க வந்தாள். "என்ன காரியம் பண்ணி வச்சிருக்கீக அத்தை?"

"வெடிச்சிருமே தாயி! பேரியம்னு நீதான சொன்ன?"

"இது வேற கூட்டு. அடுப்புல போட்டாக்கூட எரியாது!"

கல்லூரி முதல்வர் அதை லேசில் நம்பவில்லை. எல்லாரையும் வெயிலில் நிறுத்தி வைத்தார். பேராசிரியர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் பார்க்கப் பார்க்க செல்விக்குக் கண் கலங்கியது. நான் மடியில் பாட்டிலோடு மரத்தோடு மரமாக உட்கார்ந்திருந்தேன்.

ஒருவழியாக உள்ளே விட்டார்கள். ஆளில்லாத அறையில் தொட்டி தன் பாட்டுக்கு நடுங்கிக்கொண்டிருந்தது. செல்வி பாட்டிலைத் தூக்கினாள். பொடி கலந்ததால் கஞ்சித் தண்ணீர் மாதிரி இருந்தது. ரோஸ் எங்கே?

"சாயம் எங்கத்தா போச்சு?"

"அந்த மின்சாரம் அதைத் துண்டு துண்டா உடைச்சிருச்சு அத்தை."

தீபாவளி சீசனில் கலர்த்தாள் ஒட்டின கையைக் கழுவிவிட்டால், அந்தத் தண்ணீர் போகிற வழியெல்லாம் மண் சிவந்து கிடக்கும். குலுங்கினால் ஆளைக் கொல்லும் பொடிதான் எனக்குத் தெரியும். குலுங்கினால் தண்ணீரைக் கழுவித் தரும் பொடியும் உலகத்தில் இருக்கிறதே! நெருப்பில்லை, புகையில்லை.

பேராசிரியர் விடவில்லை. "பொடியே சாயத்தை உறிஞ்சியிருக்கலாமே? குலுக்கினதால்தான் போச்சுன்னு என்ன நிச்சயம்?" என்றவர், என் பக்கம் திரும்பினார். "அம்மா, முந்தானைக்குள்ள என்ன?"

எடுத்து நீட்டினேன். அதே தண்ணீர், அதே பொடி. அப்படியே பஞ்சுமிட்டாய்.

"இவ்வளவு தூரம் தூக்கிட்டு வந்தீங்க. குலுங்கலையா?"

"நான் தூக்குனா எப்படிங்கய்யா குலுங்கும்?"

ஒற்றைச் செருப்போடு நின்ற மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார். கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் ரயிலுக்கு ஓடினார். ('பக்கத்துல வச்சுக் காட்டத்தானே அந்தப் பாட்டிலை எடுத்து வச்சிருந்தேன்' என்று செல்வி வீடு வரைக்கும் பல்லைக் கடித்தாள்.)

இப்போது அவள் அங்கேயே வாத்தியார். குலுக்காமல் ஓரமாக வைக்கிற பாட்டிலுக்கு அந்த ஆய்வகத்தில் பெயர் 'அத்தை'. அவளோடு போனில் பேசும்போது பின்னாலிருந்து பிள்ளைகள் சத்தம் கேட்கும்:

"ஏலே, அத்தையை ஓரமா வச்சியா? பாத்துலே, ஆடிராம! அப்புறம் எல்லாரும் வெளிய ஓடணும்!"