என் கை வைத்தால் ஒன்று புள்ளி இரண்டு

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். நீயும் உன் வீட்டாரும் சுகமாயிருக்க இரண்டு வேளையும் விளக்கின் முன் நின்று வேண்டிக்கொள்கிறேன்.

முதலில் யார் யார் இருந்தார்கள் என்று எழுதிவிடுகிறேன், ஏனென்றால் யார் எங்கே நின்றார்கள் என்பதுதான் இங்கே விவகாரமே. ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதேகால் மணிக்கு, வீட்டின் பக்கவாட்டுச் சந்தில் வேனைச் சுற்றி இருந்தவர்கள்: உன் அத்தான், நீ அனுப்பிய, ஆன்டெனாவை அளந்து எண் காட்டும் அனலைசர் பெட்டியோடு ஓட்டுநர் இருக்கையில். வேனின் ரேடியோ ஆன்டெனாவுக்குத் தாங்கி செய்து கூரை விளிம்பில் கவ்வ வைத்துக் கொடுத்த வெல்டர், பின்சக்கரத்தின் அருகே டீ டம்ளரோடு. என் நாத்தனார், மாடி ஜன்னலில், இடுப்புக்கு மேலே மட்டும். நான், சந்து முனையில், கணக்கு நோட்டோடு. ஒரு பூனை குறுக்கே போனது, அதையும் குறித்திருக்கிறேன். வேறு யாருமில்லை.

எதற்கு இந்தப் பாடு என்று உனக்குத் தெரியும். போன மழைக்காலத்தில் மலை ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து கொண்டுபோன உன் அத்தான், சாலையில் மரம் விழுந்து பதினோரு மணி நேரம் வண்டிக்குள்ளேயே கிடந்தார். அங்கே போனுக்குச் சிக்னல் இல்லை. அவர் இருக்கிறாரா இல்லையா என்பதே தெரியாமல் நான் பூஜை அறைக்கும் வாசலுக்கும் எத்தனை தடவை நடந்தேன் என்பதை மட்டும் எண்ணி வைக்கவில்லை. அதனால்தான் ரேடியோ இல்லாமல் மலை ஏறக்கூடாது என்றேன். மருந்துக் கிடங்கு மேலாளரும் அதையே சொல்லிவிட்டார். அடுத்த வாரத்துக்கு அடுத்த திங்கட்கிழமை அவரே வந்து சோதிப்பார், ரேடியோ தேறாவிட்டால் மலைவழி வேறு ஓட்டுநருக்குப் போய்விடும். உன் அத்தானுக்கோ அந்த வளைவுகள் இல்லாவிட்டால் சாப்பாடு இறங்காது.

நீ எழுதி அனுப்பிய ஆறு பக்கக் குறிப்பை நான் மூன்று தடவை படித்தேன். அவர் ஒரு தடவைகூடப் படிக்கவில்லை, "எனக்கு வண்டி தெரியும்"ங்கிறார். பெட்டியில் ஒன்று வந்தால் உத்தமம், ஒன்றரை வரைக்கும் மோசமில்லை, மூன்றைத் தாண்டினால் பேசுகிற பேச்சு வெளியே போகாமல் திரும்பி வந்து ரேடியோவையே சுடும் என்று எழுதியிருந்தாய். பேச்சு வெளியே போகாமல் திரும்பி வருவது இந்த வீட்டில் எனக்குப் பழக்கம்தான், ஆனால் அதற்கு எண் உண்டு என்பது இப்போதுதான் தெரிந்தது.

முதல் அளவு நான்கு புள்ளி ஒன்று. ஆன்டெனாக் கம்பி நீளம் அதிகம் என்று சொல்லி அவர் இரண்டு மில்லிமீட்டர் வெட்டினார். நான்கு புள்ளி மூன்று. இன்னும் இரண்டு. மூன்று புள்ளி ஒன்பது. "பாத்தியா, இறங்குது!" என்று மறுபடி வெட்டினார், நான்கு புள்ளி இரண்டுக்கு ஏறிவிட்டது. வெட்டிய துண்டுகளை மாத்திரை டப்பாவில் கிழமைக்கு ஓர் அறையாக ஒவ்வொன்றாகப் போட்டு வைத்திருக்கிறேன், ஒட்ட முடியுமானால் சொல். மாடியிலிருந்து நாத்தனார், "இப்படியே வெட்டிட்டுப் போனா கடைசில பல்லு குத்தத்தான் ஆகும் அண்ணே" என்றாள். அவர் அனலைசரை இரண்டு தட்டு தட்டினார். அது மிக்ஸி இல்லை என்றேன். கேட்கவில்லை.

ஆன்டெனாவுக்குப் பக்கத்தில் யாரும் நிற்கக்கூடாது, நின்றால் அளவு மாறும் என்று நீ எழுதியிருந்ததால், நான் சாக்பீஸால் கோடு போட்டு எல்லோரையும் அதற்கு வெளியே நிறுத்தியிருந்தேன். அப்போது பார்த்துக் காற்று அடிக்க, கம்பி ஆட, அவர் உள்ளேயிருந்து "அதைக் கொஞ்சம் புடி!" என்று கத்த, நான் போட்ட கோட்டை நானே தாண்டிப் போய்த் தாங்கியை அழுத்திப் பிடித்தேன். உள்ளே அவர் பெட்டியைக் கண்ணருகே தூக்கிப் பார்த்தார். பிறகு மெதுவாக, "ஒண்ணு புள்ளி ரெண்டு" என்றார். கையை எடுத்தேன், நான்கு. வைத்தேன், ஒன்று புள்ளி இரண்டு.

வெல்டர் கையை வைத்தார், நான்கு. உன் அத்தான் இறங்கி வந்து கையை வைக்க, நான் பெட்டியைப் பார்த்தேன், நான்கு புள்ளி ஒன்று. நாத்தனார் மாவுக் கையோடு இறங்கி வந்து வைத்தாள், மூன்று புள்ளி ஒன்பது. திரும்ப நான், ஒன்று புள்ளி இரண்டு. பதினாறு தடவை பார்த்தோம், நோட்டில் இருக்கிறது. வெல்டர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "இருபது வருஷமா இரும்போட கெடக்கேன். என்னை மதிக்காத இரும்பு உங்களை மதிக்குதேம்மா" என்றார்.

தம்பி, எனக்கு என்ன நினைப்பதென்றே தெரியவில்லை. பக்கத்தில் யாரும் நிற்கக்கூடாது என்று நீ எழுதுகிறாய், நான் நின்றால்தான் சரியாகிறது என்று பெட்டி சொல்கிறது. நான் ஆண்டவனிடம் கேட்டது, அவர் எங்கே இருந்தாலும் அவர் குரல் எனக்குக் கேட்க வேண்டும் என்பதுதான். அதற்கு இப்படி ஒரு பதில் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. நான் கையை எடுக்காமலே, "இப்ப என்னங்க செய்யறது?" என்றேன். அவர் கம்பியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், காதைச் சொறிந்தார். "என்ன செய்யறது, நீயும் வா. அந்தப் பக்க சீட்டுல உக்காந்து ஜன்னல் வழியா கையை வெச்சுக்கோ. பேசும்போது மட்டும்."

"முப்பது வருஷமா பொண்டாட்டியைக் கூட்டிட்டுப் போகணும்னு தோணல. ஒரு கம்பி சொன்னாத்தான் கேப்பியா அண்ணே?" என்றாள் நாத்தனார். அவர், "குளிரும், ஸ்வெட்டர் எடுத்துக்க" என்று மட்டும் சொன்னார். அன்று மத்தியானமே பையை எடுத்து வைத்துவிட்டேன். ஸ்வெட்டர், பிரார்த்தனைப் புத்தகம், பிளாஸ்க், உன் குறிப்பு. ஆறாவது வளைவில் மேகம் சாலைக்குக் கீழே கிடக்குமாம். சாப்பிடும்போது தானாகவே சொன்னார்.

ஆகவே நீ சொல்ல வேண்டியது ஒன்றுதான். ஆன்டெனாவில் மனைவியும் ஒரு பாகமாக இருக்கலாமா? மேலாளர் ஒப்புக்கொள்வாரா? போனில் கேட்டிருப்பேன், ஆனால் இந்த வீட்டில் போன் ஸ்பீக்கரில்தான் பேசும். கடிதம்தான் வாயை மூடிக்கொண்டு வரும்.

உன் மனைவிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு முத்தம். குறைவில்லாமல் வாழ ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உன் அக்கா

பின்குறிப்பு: உறையில் போடுமுன் உன் குறிப்பை நான்காம் தடவை படித்தேன். நான்காம் பக்கத்தின் கடைசி வரியில், தாங்கியின் உலோகம் வண்டியின் உலோகத்தை நேராகத் தொட வேண்டும், நடுவில் பெயின்ட்கூட இருக்கக்கூடாது என்கிறாய். சனிக்கிழமை வெல்டர் கூரை விளிம்பில் புதுப் பெயின்டைச் சுரண்டியது எனக்குப் பொறுக்கவில்லை. துருப்பிடிக்குமே என்று, உன் அத்தான் குளிக்கப் போன நேரத்தில் தாங்கியைத் தளர்த்தி, பழைய பாத்ரூம் செருப்பிலிருந்து ரப்பர் வெட்டி, வெளியே தெரியாதபடி உள்ளே கொடுத்து முடுக்கிவிட்டேன். ஓரத்தில் நகக்கண் அளவு சுரண்டல் மட்டும் மூடாமல் நின்றது. நான் தாங்கியைப் பிடிக்கும்போது, மூட்டுவலிக்குப் போட்டிருக்கிற செம்பு வளையல் தாங்கியையும் அந்தச் சுரண்டலையும் சேர்த்தே தொடுகிறது. நாத்தனார் போட்டிருப்பது பிளாஸ்டிக்.

இதைப் படித்ததும் வளையலைக் கழற்றிவிட்டுப் போய்ப் பிடித்து, ஜன்னல் வழியாகப் பெட்டியைப் பார்த்தேன். நான்கு.

ரப்பரை எடுக்க இரண்டு நிமிடம் போதும். எடுத்துவிட்டால் அவர் குரல் யார் கையும் இல்லாமல் வந்துவிடும், பையிலிருக்கும் ஸ்வெட்டர் அலமாரிக்குத் திரும்பிவிடும். மேலாளர் வருவதற்குள் கட்டாயம் எடுத்துவிடுவேன், அது சத்தியம். அதன் பிறகும் அவர் என்னைக் கூட்டிக்கொண்டு போவதற்கு ஏதாவது ஒரு காரணம், பொய்யில்லாத காரணமாக, உன் பெட்டி சாஸ்திரத்தில் இருக்கிறதா? உறையின் மேல் அவர் பெயரை எழுதாமல் என் பெயரை எழுதி, சீக்கிரம் பதில் போடு.