தள்ளி நில்லுங்க, தனிமையைப் படம் புடிக்கணும்

எடம் பாக்க வர்றவருன்னு ஒரு தினுசு ஆளு உண்டு. நீங்களும் பாத்திருப்பீங்க. பொண்ணு பாக்க வர்றவனாவது அவல் உப்புமா தின்னுட்டு, பொண்ணு மூஞ்சிய ஒரு தடவை நிமுந்து பாத்துட்டுப் போவான். இவரு மூஞ்சியப் பாக்க மாட்டாரு. மண்ணப் பாப்பாரு, சுவத்தப் பாப்பாரு, துருப்புடிச்ச ஆணி ஒண்ணு கெடச்சா அரைமணி நேரம் பாப்பாரு. பாத்துட்டு ஒரு பெருமூச்சு. நம்ம ஊருக்கு இப்பிடி ஒரு துக்கம் இருக்குதுன்னு நமக்கே அன்னிக்குத்தான் தெரியும்.

இந்த தினுசு எங்க மொளைக்கும்னா, ஊரு பெருசா இருக்கணும், ஊரோரம் தண்ணி இருக்கணும், தண்ணியோரம் சீரழிஞ்சு கெடக்கணும். பம்பாயோட கெழக்குக் கரை மாதிரி. மேக்குக் கரையில காசுள்ளவன் வீடு கட்டிக்கிட்டான். கெழக்குல எங்க கோல்பந்தரு: கெடங்குச் சுவரு, ரயில் தண்டவாளம், ஒடைக்கப் போட்ட கப்பலு, அப்பறம் சேறு, சேத்தோரம் நூத்திப்பத்து மீன்காரக் கோளி வீடு.

எங்க கரைக்கு வந்தவரு பேரு கர்மார்கர். ஆர்க்கிடெக்ட். காலேஜுல பாடம் சொல்லிக் குடுக்கறவரு, சொந்தமா ஆபீசும் வச்சிருக்கறவரு. வெளுத்துப் போன மாதிரியே வெலை குடுத்து வாங்கின சட்டை, எதுக்குன்னே தெரியாத எட்டுப் பையி வச்ச பேண்ட்டு, கழுத்துல கேமரா, கக்கத்துல சுருட்டின காயிதம், மூக்குல கைக்குட்டை, ஏன்னா மனுசன் மீனு தின்ன மாட்டாரு, பின்னாடி அவரு மாதிரியே பெருமூச்சு விடப் பழகிட்டிருக்கற இருவது புள்ளைங்க. இப்பிடி ஒரு ஊர்வலம்.

வந்ததும் மொதல்ல என்ன சொல்வாருன்னு நெனைக்கிறீங்க? நல்லாருக்கீங்களான்னா? அதான் இல்ல.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

இதான் அவரு வணக்கம். வலை பின்னிக்கிட்டிருந்த நாலு ஆம்பளைங்க தள்ளி நின்னாங்க. சீட்டாடிக்கிட்டிருந்த ஆறு பேரு சீட்டக் கையிலயே புடிச்சிக்கிட்டு ஒரு பக்கமாப் போனாங்க. பூண்டு உரிச்சிக்கிட்டிருந்த கேசரு மொறத்தோட எந்திரிச்சா. நாயி மட்டும் எந்திரிக்கல. அதுக்கு ஒரு பிஸ்கோத்து போட்டாங்க, அதுவும் போச்சு. அப்பறம்தான் மனுசன் குத்த வச்சு உக்காந்து, ஒத்தக் கண்ண மூடி, ஒரு படம் எடுத்தாரு. சேறு, கவுத்துப் போட்ட படகு, வானம். அம்புட்டுதான்.

அந்தப் படத்துக்குக் கீழ என்ன எழுதினாருன்னு கேளுங்க. "மனிதர் அற்ற கரை."

அடப்பாவி, அந்தப் பதினோரு பேரையும் ஒரு நாயையும் கெளப்பி விட்டது நீதானேய்யா!

கவுத்துப் போட்ட படகுக்கும் பேரு வச்சாரு, "கைவிடப்பட்ட படகு"ன்னு. படகுக்காரன் தாமா காதுல இது விழுந்துச்சு. "எவன்டா கைவிட்டது? மழைக்காலத்துல படகு தண்ணிக்குள்ள போவக் கூடாதுன்னு சர்க்காரே சொல்லுது. எண்ண பூசிக் கவுத்து வச்சிருக்கேன். எண்ண காயறதுக்குள்ள எழவு சொல்லிட்டுப் போறான்!"

இந்தக் கரையில மதுராபாயின்னு ஒருத்தி. அம்பது வயசு, கருவாட்டுக்காரி, நல்ல தாட்டியான பொம்பள. கரையோரம் இருக்கற காஞ்ச மேட்டுல, மூங்கில் நட்டுக் கயிறு கட்டி, பொம்பில் மீனு காயப்போடுவா. அவ மட்டும் இல்ல, நாப்பது பொம்பளைங்களுக்கு அந்த மேடுதான் சோறு. அவகிட்டதான் கர்மார்கரு கேள்வித்தாள எடுத்துக்கிட்டு வந்தாரு. கேள்வி கேக்கறப்போ இந்த ஆளுங்க கொரலு மாறும், கவனிச்சிருக்கீங்களா? டாக்டரு கெட்ட சேதி சொல்ற மாதிரி கொழையும், சின்னம்மா மொறை வச்சு மாவ்ஷின்னு கூப்புடும்.

"மாவ்ஷி, இங்க வாழறப்போ நீங்க தனிமைய உணர்றீங்களா?"

"எது?"

"தனியா. யாரும் இல்லாம. நகரத்துலேருந்து துண்டிச்ச மாதிரி."

மதுராபாய் அவர ஏற எறங்கப் பாத்தா. "ஏம்ப்பா, காலையில கக்கூசுக்குப் போவவே இருவது பேரு வரிசையில நிக்கிறோம். உள்ள போயி உக்காந்தா வெளிய நின்னு கதவத் தட்டிக்கிட்டு ஊர்க்கதை பேசறாளுங்க. தனிமை எங்கயாச்சும் கெடச்சா எனக்கும் அரைக்கிலோ வாங்கிட்டு வா."

கேசரு விழுந்து விழுந்து சிரிச்சா. கர்மார்கரு சிரிக்கல. எழுதிக்கிட்டாரு. "வலியை நகைச்சுவையால் மறைக்கிறார்."

இப்பிடி ஒருத்தன வச்சிக்கிட்டு என்ன செய்யறது? ஆமான்னா தனிமை. இல்லன்னாலும் தனிமை. சிரிச்சா பெரிய தனிமை.

உண்மையிலயே ஒரு குறை இருந்துச்சு. கெடங்கு கேட்டோட பஸ்ஸு நின்னுருது. அது வரைக்கும் கூடையத் தூக்கிக்கிட்டு இருவது நிமிசம் நடந்தா, கண்டக்டரு மீன் நாத்தம்னு ஏத்த மாட்டான். அத மதுராபாய் மூணு தடவை சொன்னா. கர்மார்கரு மூணு தடவையும் தலையாட்டிட்டு, காத்து எந்தப் பக்கமா அடிக்குதுன்னு ஒரு அம்புக்குறி போட்டாரு.

மூணு வருசம் இதே கூத்து. சிரிச்சிட்டு விட்டிருப்போம். நாலாவது வருசம் சூலை மாசம், பெரிய காயிதம் ஒண்ண எடுத்துக்கிட்டு வந்து தாமாவோட படகு மேல விரிச்சாரு. கரையச் சரிபண்ணச் சொல்லி சர்க்காரு ஆபீசுல அவருக்கே வேலை குடுத்துட்டாங்களாம். அடுத்த வாரம் பெரிய அதிகாரி நேர்ல வந்து பாத்துட்டுக் கையெழுத்துப் போடுவாங்களாம்.

மதுராபாய்க்கு எழுத்துத் தெரியாது. ஆனா எடம் தெரியாதா? வெரல வச்சு, இது கோயிலு, இது கொழாயி, இது தாமா வீடுன்னு வந்தவ, ஒரு எடத்துல நின்னா.

"இது என்ன வெள்ளையா?"

"அது காலி எடம் மாவ்ஷி. அங்கதான் அமைதிப் பூங்கா வரப் போவுது. சுத்தி வேலி, நடுவுல பெஞ்சு. ஒத்த ஆளா உக்காந்து கடலப் பாக்கலாம்."

பக்கத்துல இன்னொரு படம், பூங்கா வந்தப்பறம் எப்பிடி இருக்கும்னு. அதுல ஆளுங்க இருந்தாங்க! ஒருத்தி பலூன் வச்சிருந்தா, ஒருத்தன் நாயக் கயித்துல கட்டிக் கூட்டிட்டுப் போனான், ஒருத்தன் சைக்கிள்ள போனான். கூடை வச்சவ ஒருத்தி இல்ல. இருக்கறவங்கள அழிச்சிட்டு இல்லாதவங்களக் கொண்டாந்து நிறுத்தத்தான் அம்புட்டுப் பெருமூச்சும்!

"டேய், அது நாங்க மீனு காயப்போடுற மேடு!" கேசரு கையில இருந்த தொடப்பத்தத் தூக்கிட்டா.

கர்மார்கரு பதறல. இந்த தினுசு பதறாது. உருகும். "புரியுது மாவ்ஷி. உங்க நினைவுகள்ல அந்த மீன் வாசனை இன்னும் இருக்கு. பூங்காவுல ஒரு கல்வெட்டு வைக்கலாம், இங்க மீன் காய்ந்ததுன்னு."

"நினைவா?" மதுராபாய் காயிதத்துலேருந்து வெரல எடுத்தா. "போன மே மாசம் காயப்போட்டேன்யா. வித்த கருவாட்ட இன்னும் ஊரே தின்னு முடிக்கல."

"அப்ப கயிறு எங்க மாவ்ஷி? மூங்கில் எங்க? மூணு வருசமா இங்கேருந்தே பாத்து அளந்து வச்சிருக்கேன். மூணு வருசமும் காலியாத்தான் இருந்துச்சு."

மதுராபாய் தொடப்பத்த எறக்கச் சொல்லிக் கேசருக்குக் கை காட்டினா. "மூணு வருசமும் எந்த மாசம்யா வந்தே?"

"காலேஜு தொறந்ததும். சூன் கடைசி, சூலை. புள்ளைங்களுக்கு மொதல் பாடமே இதானே."

புரியுதாங்க? கடலுக்குள்ள படகு போவாத ரெண்டு மாசம், கயித்த அவுத்துப் பரண்ல போட்டுட்டு எல்லாரும் காலு நீட்டி உக்காந்திருக்கற ரெண்டு மாசம், கொட்டுற மழையில ஒரு மீனு காயாத ரெண்டு மாசம். அத மட்டும் பொறுக்கி எடுத்து, வருசா வருசம் வந்து, தூர நின்னு அளந்து, ஆளில்லன்னு எழுதிட்டுப் போயிருக்காரு படிச்ச மனுசன். ராத்திரி பன்னெண்டு மணிக்குப் பள்ளிக்கூடத்த எட்டிப் பாத்துட்டு, இந்த ஊர்ல எவனும் படிக்கறதில்லன்னு சொன்ன கதை.

இதச் சொன்னா கேப்பாரா? நோட்டுல எழுதி வச்சிருக்காரே! மதுராபாய் சொல்லல. வேற ஒண்ணு கேட்டா.

"அந்த அதிகாரி, பொம்பளையா ஆம்பளையா?"

"பொம்பளை. பிரதான் மேடம்."

"என்ன செருப்பு போட்டுட்டு வருவாங்க?"

கர்மார்கரு குனிஞ்சு தன்னோட பூட்ஸப் பாத்தாரு.

"இந்த மேட்டுக்குப் போவணும்னா அந்தச் சேத்தத் தாண்டணும். எங்க, நீ ஒரு நாலு அடி போயிக் காட்டு பாப்போம்."

போனாரு. ரெண்டாவது அடியிலயே முட்டி வரைக்கும் எறங்கிட்டாரு. தாமாவும் இன்னொருத்தனும் கக்கத்துல கை குடுத்துத் தூக்கினாங்க. ஆளு வந்தாரு, ஒத்த பூட்ஸ் வரல. எட்டுப் பையிலயும் சேறு.

"தசரா கழிச்சுக் கூட்டிட்டு வா," மதுராபாய் ஒரு சொம்பு தண்ணி ஊத்திக் காலக் கழுவி விட்டா. "தரை காஞ்சிருக்கும், வெயிலும் நல்லா அடிக்கும். மேடத்தோட செருப்பும் பொழைக்கும், உன் வேலையும் பொழைக்கும்."

இதுல ஒரு வார்த்த பொய் உண்டா? தசரா கழிஞ்சா தரை காயத்தான் செய்யும், வெயிலு அடிக்கத்தான் செய்யும். வெயிலு அடிச்சா அந்த மேட்டுல வேற என்ன நடக்கும்னு நாலு வருசம் ஊர ஆராஞ்ச மனுசனுக்குத் தெரிஞ்சிருக்கணும். "உங்களுக்கு எவ்வளவு நல்ல மனசு மாவ்ஷி!"ன்னு சொல்லிட்டு, ஒத்தக் கால்ல நொண்டிக்கிட்டே போனாரு.

ஆனா மதுராபாய் நாளு எண்ணிக்கிட்டேதான் இருந்தா. அந்த மேடம் அதுக்கு முன்னாலயே ஆபீசுல உக்காந்தபடி கையெழுத்துப் போட்டுட்டா? இந்த வருசம் மீனே சரியா வராமப் போயிட்டா? நாரளி பௌர்ணமிக்குக் கடலுக்குத் தேங்கா விட்டப்போ எல்லாரும் மீனு கேட்டாங்க. அவ செருப்பு கேட்டா. "அந்தப் பொம்பளைக்கு இருக்கறதுலயே வெல ஒசந்த செருப்பக் குடு ஆத்தா. சேத்துல வச்சா மனசு கொதிக்கணும்."

தசரா கழிஞ்சு நாலாம் நாளு வந்தாங்க. கெடங்கு கேட்டுலேருந்து வெயில்ல நடந்து வந்ததுல பிரதான் மேடத்துக்கு வேர்த்து ஊத்துது. கர்மார்கரு புதுப் பூட்ஸ் போட்டுக்கிட்டு, காயிதத்தக் கையில புடிச்சிக்கிட்டு முன்னாடி வந்தவரு, மேட்டுக்கிட்ட வந்து அப்பிடியே நின்னுட்டாரு.

மேட்டக் காணோம். மூங்கிலு, மூங்கிலுக்கு மூங்கில் ஏழு வரிசைக் கயிறு, கயித்துக்குக் கயிறு பொம்பில், வெள்ளி ஊசி கோத்த மாதிரி ஒரே மினுமினுப்பு, நடுவுல நாப்பது பொம்பளைங்க, அவளுங்க சத்தம், காக்கா சத்தம், காக்காயத் திட்டுற சத்தம்.

"கர்மார்கர், அந்தக் காலி எடம் எங்க?" மேடம் கேட்டாங்க.

கர்மார்கரு காயிதத்தப் பாத்தாரு. மேட்டப் பாத்தாரு. காயிதத்தத் திருப்பிப் புடிச்சுப் பாத்தாரு. "இங்கதான் மேடம், இங்கதான் இருந்துச்சு"ன்னு கயித்துக்குள்ள பூந்து தேட ஆரம்பிச்சாரு. நாலு பொம்பில் கழுத்துல மாலையா விழுந்துச்சு.

மதுராபாய் கயிறு கட்டிக்கிட்டே திரும்பாமச் சொன்னா: "சாகேப், கொஞ்சம் தள்ளி நில்லுங்க. மீனு மேல நெழலு விழுது."

நாப்பது பேரும் ஒண்ணாச் சிரிச்சாளுங்க. அவரு தள்ளி நின்னாரு. அங்க கேசரு, "இங்கயும் விழுது சாகேப்." இன்னும் தள்ளினாரு. தள்ளித் தள்ளிக் கடைசியில கொழாயடி வரைக்கும் போயிட்டாரு.

மேடம் ஒரு கயித்துக்கிட்ட குனிஞ்சு பாத்தாங்க. "இது ஏன் ரெண்டு ரெண்டா தொங்குது?"

"ஒண்ணோட வாய்க்குள்ள இன்னொண்ணோட வாயக் கோத்துக் கயித்து மேல போடுவோம் தாயி. ஒத்தையாப் போட்டா நிக்காது, விழுந்துரும்," மதுராபாய் ஒரு சோடியக் கோத்துக் காட்டினா. "அந்த சாகேப் எங்களத் தனிமைன்னு எழுதிட்டாரு. எங்க கரையில மீனு கூடத் தனியாக் காயறதில்ல."

பிரதான் மேடம் அந்தக் காயிதத்த வாங்கி, வெள்ளை எடத்துல பேனாவால என்னமோ பெருசா எழுதினாங்க.

"என்ன தாயி எழுதினீங்க?" மதுராபாய் எட்டிப் பாத்தா.

"மீன் காயப்போடுற எடம்னு. வேலி கெடையாது, பூங்கா கெடையாது." அப்பறம் நெத்தியத் தொடச்சிக்கிட்டே, "ஏன் இங்க பஸ்ஸே வர மாட்டேங்குது?"

மதுராபாய் கொழாயடியில நின்ன கர்மார்கரப் பாத்தா. கர்மார்கரு காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாத்தாரு.

மேடம் போறப்போ, பூண்டும் கோகம் புளியும் போட்டுத்தான் செய்யணும்னு கேசருகிட்ட சண்ட போட்டுக்கிட்டே ரெண்டு கிலோ பொம்பில் வாங்கிட்டுப் போனாங்க.

கர்மார்கரு திருந்தினாரான்னு கேக்கறீங்களா? திருந்தாம என்ன. இப்பல்லாம் அக்டோபர்ல வர்றாரு. புதுப் புத்தகம் கூட எழுதிக்கிட்டிருக்காரு. "நெரிசலில் மூச்சுத் திணறும் கரை"ன்னு பேராம். அதக் கேட்டுட்டு மதுராபாய் இடுப்புல கைய வச்சா. "போன வருசம் ஆளே இல்லன்னான். இந்த வருசம் ஆளு சாஸ்திங்கறான். நடுவுல ஒரு நாளு கூடவா நாங்க சரியா இருக்கல?"

சிரிக்கிறீங்க. சிரிங்க, சிரிங்க. போன வாரம் மத்தியானம் ரெண்டு மணிக்குச் சம்பந்தி வீட்டுக்குப் போயி, கூடத்துல ஆளக் காணோம்னதும் "என்ன இது, வீடு களையே இல்ல"ன்னு சொன்னது யாரு? அப்ப உள்ள ஏழு பேரு சாப்பிட்டுப் படுத்திருந்தாங்க. அத விடுங்க. உங்க போன எடுங்க. போன மாசம் ஊருக்குப் போயிருந்தப்போ கொளத்தப் படம் எடுத்தீங்களே, ஒரு ஈ காக்கா இல்லாம சுத்தமா விழுந்திருக்குன்னு எல்லாருக்கும் அனுப்பி வச்சீங்களே, அந்தப் படம். நல்லா உத்துப் பாருங்க. படி நனைஞ்சிருக்குல்ல?

அந்தப் படியில துவைச்சிக்கிட்டிருந்தவள எங்க தள்ளி நிக்கச் சொன்னீங்க?