குரோய்டன் ஒட்டகம்

“கிளச் எரிஞ்சு போச்சு ஐயா. சாமான் வர ரெண்டு கிழமை, பதினாலு நாள் செல்லும்,” என்றான் ஜெஸ்ரின், வண்டியின் அடியிலிருந்து ஊர்ந்து வெளியே வந்து.

சண்முகராசா அண்ணாந்து பார்த்தார். லண்டனின் தென்கோடியான குரோய்டனின் வானம் கழுவாத சட்டிபோல் இருந்தது. மொறோக்கோவுக்கென்று வட லண்டன் கிங்ஸ்பரியிலிருந்து வெளிக்கிட்டு நாலு மணித்தியாலம்கூட ஆகவில்லை. அதிலும் பாதி, பழுதான வண்டியை ஜெஸ்ரினின் கராஜுக்கு இழுத்து வந்த நேரம்.

“வீட்டை திரும்பிப் போவமப்பா,” என்றாள் கமலேஸ்வரி.

“விசர்க்கதை கதையாதை. நல்ல நேரம் பாத்து, சில்லுக்குக் கீழை தேசிக்காய் வைச்சு நசிச்சு, ஐயர் வந்து கற்பூரம் காட்டி, கோயில் சனம் முழுக்க றோட்டிலை நிண்டு கைகாட்டி அனுப்பின பயணம். பின்னேரமே திரும்பிப் போய் நிண்டா அந்த நசிஞ்ச தேசிக்காயும் சிரிக்கும்.”

முப்பத்தொரு வருடம் மீன் குளிரறையில் பெட்டி இறக்கிய மனிதர் அவர். மற்றவர்களுக்கு லண்டனில் மாரிக்குளிர் நாலு மாதம். அவருக்குப் பன்னிரண்டு மாதமும். பென்சன் எடுத்தபிறகு ஒரு தை மாதமாவது வெயிலில் காயவேண்டும் என்பதுதான் ஒரே ஆசை. அந்த ஆசைக்கு எண்ணெய் வார்த்தவர் பக்கத்துத் தெரு சிவானந்தன். படுக்கையும் அடுப்பும் உள்ள இதே மோட்டர்ஹோமில் இரண்டு மாரியை மொறோக்கோவில் கழித்து வந்தவர். அவர் அந்தக் கதையைத் தொடங்கினால் கோயிலில் சர்க்கரைப்பொங்கல் ஆறிவிடும். வண்டியை இவருக்கு விற்றுக் கைமாற்றும்போது, “ஏதும் பிழை வந்தா ஜெஸ்ரினுக்குப் போன் அடியும். அவனுக்கு இதின்ரை நாடி தெரியும்,” என்று நம்பரும் கொடுத்திருந்தார்.

“அப்ப என்ன செய்யிறது?”

“ரெண்டு கிழமைதானே. இஞ்சையே இருப்பம். சரிவந்த உடனை நேரை வெயிலுக்கு. ஆருக்கும் மூச்சு விடாதை.”

ஜெஸ்ரின் யார்டின் மூலையில் வண்டியைத் தள்ளிவிட்டு, கரண்டும் இழுத்துக் கொடுத்தான். மனைவி மெலனி ஊருக்குப் போயிருந்ததால் ஒபிஸ் வேலையும் அவன் தலையில்தான். அவன் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காதது சண்முகராசாவுக்கு நிம்மதியாக இருந்தது.

மூன்றாம் நாள் கோயில் வாட்ஸ்அப் குழு படம் கேட்கத் தொடங்கியது.

பக்கத்து யார்டு கட்டடச் சாமான் விற்கும் இடம். அங்கே ஒரு மணல் குவியல். கமலேஸ்வரி தலைக்குத் துவாய் சுற்றி, கறுப்புக் கண்ணாடி போட்டு ஏறி நின்றாள். கீழே கொங்கிறீற் மெஷின் தெரியாமல் சண்முகராசா குந்தியிருந்து எடுத்தார்.

“கெதியா எடுங்கோவப்பா, விறைக்குது!”

“பாலைவனத்திலை ஆரும் விறைக்கிறதே? வியர்க்கிற மாதிரி நில்லு.”

குழு உருகிவிட்டது. போய்வந்த ஒரே ஆள் சிவானந்தன். அவர் பிடித்துவிடுவாரோ என்று சண்முகராசா பயந்தார். அவரோ, “அதே மணல்! பாத்த உடனை நெஞ்சு நிறைஞ்சுது,” என்று எழுதினார்.

படம் நன்றாக வந்ததுதான் பிழை. ஞாயிற்றுக்கிழமை சிவானந்தன் கோயில் மண்டபத்திலிருந்தே வீடியோவில் வந்தார். பின்னால் ஐம்பது தலைகள். சண்முகராசா ஓடிப்போய் மணலில் குந்தினார். வணக்கம் சொல்ல வாய் திறக்க, மதிலுக்கு அப்பால் ட்ராம் மணியடித்துக்கொண்டு போனது.

“அதென்ன மணி?” என்றது பின்னாலிருந்து ஒரு பெண் குரல்.

“ஒட்டகம் தங்கச்சி. கழுத்திலை மணி கட்டியிருக்கு.”

“ஓம் ஓம்,” என்றார் சிவானந்தன். “ஏழு நிமிசத்துக்கு ஒருக்காப் போகும். எனக்கு இப்பவும் காதிலை நிக்குது.”

இந்த மனிதனும் கொஞ்சம் புளுகுவார்போல என்று சண்முகராசா நினைத்தார். அதற்குள் மண்டபமே கத்தியது: “ஒட்டகத்தைக் காட்டுங்கோ!”

“ஐயோ, மணல் காத்து! மணல் காத்து அடிக்குது!” என்று அவர் அலற, கமலேஸ்வரி ஒரு கைப்பிடி மணலை அள்ளி எறிந்தாள். லண்டன் மணல் அல்லவா, ஈரம். கட்டியாகப் போய் அவர் நெற்றியில் ஒட்டியது. போனை அணைத்தார்.

அன்று மாலையே மணல் காற்றில் சிக்கியவர்களுக்காக விசேட அர்ச்சனை நடந்தது. தேங்காய் உடைத்த படமும் வந்தது.

“சாமிக்கும் பொய்யே?” என்று கமலேஸ்வரி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அடுத்து வந்தது அறிவித்தல். தைப்பூசத்தன்று மண்டபத்தில் சண்முகராசாவின் மொறோக்கோ பயண உரை, கேள்வி நேரம் உண்டு, தலைமை சிவானந்தன்.

மறுநாள் ஜெஸ்ரின் தலையைச் சொறிந்துகொண்டு வந்தான். “சாமான் பிழையா வந்திட்டுது ஐயா. இன்னும் மூண்டு கிழமை.”

தைப்பூசத்துக்கு ஒன்பது நாள்தான் இருந்தது.

சண்முகராசா வண்டிக்குள் வந்து அமர்ந்தார். கூரையில் மழை. ஹீற்றர் முனகியது. கமலேஸ்வரி சுடச்சுட இடியப்பமும் சொதியும் வைத்தாள். ஷிப்டுக்குப் போன காலமெல்லாம் இருவரும் காலைச் சாப்பாட்டை ஒன்றாகச் சாப்பிட்டதில்லை. இந்த இரண்டு கிழமையும் ஒருநாள் தவறவில்லை.

“உண்மையைச் சொன்னா, இஞ்சை எனக்கு ஒரு குறையும் இல்லையப்பா,” என்றாள் அவள்.

“எனக்கும்தான். ஆனா அந்த மேடையிலை ஏறினா என்ரை மானம் போயிடும். உண்மையாப் போய்வந்த மனிசனுக்கு முன்னாலை நிண்டு புளுக ஏலாது. சிவானந்தனிட்டையே ஒத்துக்கொள்ளுவம். சிரிச்சாச் சிரிக்கட்டும்.”

போனை எடுத்து நம்பரைத் தேடினார்.

யாரோ வண்டிக் கதவைத் தட்டினார்கள். அன்று காலைதான் ஊரிலிருந்து திரும்பிய மெலனி, தெரிந்த வண்டியைக் கண்டு மழையில் குடையும் தேநீருமாக வெளியே நின்று குரல் கொடுத்தாள்:

“சிவானந்தன் அண்ணை, இந்த வருசமும் மொறோக்கோ இஞ்சைதானோ?”