பந்தல்குடி ரோட்டில் ஒரு சிம்லா

1986 ஜூன் ஒன்பதாம் தேதி, திங்கட்கிழமை காலை, வடக்கே மலை ஊர்ப் பள்ளி ஒன்றில் டீச்சர் வேலைக்காக நான் அருப்புக்கோட்டையை விட்டுக் கிளம்பினேன். வழியனுப்ப பஸ் ஸ்டாண்டுக்கு வந்த ஜாபேஸ் சித்தப்பா, பத்திரமாகப் போ என்றோ, வேளாவேளைக்குச் சாப்பிடு என்றோ சொல்லவில்லை. மதுரை பஸ் நகர ஆரம்பித்த பிறகு ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி கூடவே ஓடி வந்து சொன்னார்:

"ஏ தாயி, போற ஊர்ல நல்ல வீடாப் பாத்தா படம் அனுப்பு. மொகப்பு தெரியணும்!"

படம் பார்த்து வீடு கட்டுகிறவர்கள் என்று ஓர் இனம் உண்டு. என் சித்தப்பா அதைச் சேர்ந்தவர் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

நீங்களும் பார்த்திருப்பீர்கள். பல் டாக்டரின் வரவேற்பறையில், சத்தம் கேட்காமலிருக்க இருமிக்கொண்டே பத்திரிகையின் நடுப்பக்கத்தைக் கிழிப்பவர். கல்யாணத்தில் மாப்பிள்ளையைப் பார்க்காமல் மண்டபத்துத் தூணைக் கட்டிப்பிடித்துச் சுற்றளவு பார்ப்பவர். போன வருஷத்துக் காலண்டரை அதிலிருக்கும் பங்களாவுக்காகப் பீரோவில் வைத்துப் பூட்டுபவர். காற்று எந்தப் பக்கம் வரும், வெயில் எங்கே விழும், தண்ணீர் எங்கிருந்து வரும் என்றெல்லாம் அவர் கேட்கமாட்டார். அவருக்கு ஒரே கேள்விதான். படத்தில் இருக்கிறதா?

நான் முதலில் சிம்லாவிலிருந்து ஒரு பட அட்டை அனுப்பினேன். பனி வழுக்கி விழுவதற்காகச் செங்குத்தாகச் சரிந்த கூரை, கூரையில் புகைபோக்கி, புகைபோக்கியில் புகை. பின்பக்கம் ஏதாவது எழுத வேண்டுமே என்று, 'இங்கே இதுதான் நாகரிகம்' என்று ஒரு வரி எழுதினேன். பிறகு பள்ளி மாறி மாறிப் போன ஊர்களிலிருந்து அனுப்பிய ஒவ்வொரு அட்டையிலும் அதே வரிதான். வேறு யோசிக்கச் சோம்பல்.

பவர்லூம் நன்றாக ஓடிய 1989இல், பந்தல்குடி ரோட்டிலிருந்த கரிசல் மனையில் சித்தப்பா எல்லா அட்டைகளையும் சேர்த்து ஒரே வீடாகக் கட்ட ஆரம்பித்தார். மழையே துக்கம் விசாரிக்க வந்ததுபோல் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுப் போகும் அந்த மண்ணில், பனி வழுக்குவதற்கு ஒரு கூரை எழுந்தது. நடந்த மற்றதையெல்லாம் கொத்தனார் பால்சாமி பின்னால் எனக்குச் சொன்னார்.

"மொதலாளி, இந்தப் பொகைக்கூண்டுக்குக் கீழ என்ன வரும்?"

"படத்துல பொகை வருதுல்ல? அப்பக் கீழ தீ வரும்லே."

ஹாலில் குளிர்காயும் அடுப்பு வந்தது.

சிம்லா அட்டையில் தபால் முத்திரையின் மை படத்துப் பக்கமும் ஒட்டியிருந்தது. படத்து வீட்டின் மாடிச் சுவரில், வட்டமாக, கறுப்பாக. பால்சாமி அதே இடத்தில் வட்டமாக ஒரு ஜன்னல் வைத்துக் கறுப்புக் கண்ணாடி பதித்தார். உதயப்பூர் ஏரி அரண்மனை அட்டைக்காக வாசலில் எட்டுப் படியில் ஒரு படித்துறை. கடைசிப் படியில் வெள்ளாடுகள் படுத்து அசை போட்டன.

"தண்ணி, மொதலாளி?"

"அது கர்த்தர் வேலைலே. படி மட்டுந்தான் நம்ம வேலை."

1993 மே மாதம் லீவுக்கு ஊர் வந்தேன். கத்தரி வெயில். படித்துறை ஏறி உள்ளே போனதும் சித்தப்பா என்னைச் சோபாவில் உட்கார வைத்து, சீமைக்கருவேல விறகை அடுக்கித் தீ மூட்டினார். படத்தில் இருப்பதுபோலப் புகை வர வேண்டுமல்லவா? தலைக்கு மேலே ஃபேன் முழு வேகத்தில் சுற்ற, காலடியில் விறகு எரிய, நடுவில் நான் வெந்துகொண்டிருந்தேன்.

"எப்பிடி இருக்கு தாயி?"

"கதகதப்பா இருக்கு, சித்தப்பா."

அப்போது முன்வாசல் வழியாக ஞானப்பூ சித்தி வந்தார். இடுப்பில் சோற்றுப் பானை, கையில் விரித்த குடை.

"சித்தப்பா, அடுப்படி எங்க?"

"நீ அனுப்புன படத்துல இல்லையே தாயி."

இருக்காதுதான். முகப்பைப் படம் பிடிக்கிறவன் அடுப்படிக்கா போவான்? படத்தில் வீட்டுக்குப் பின்பக்கமே இல்லை. ஆகவே இங்கேயும் இல்லை. பின்சுவரில் ஒரு கதவுகூடக் கிடையாது. சித்தி மூன்று வருஷமாக வெட்டவெளியில் மூன்று கல்லைக் கூட்டி, ஒரு கையில் குடையும் ஒரு கையில் கரண்டியுமாகச் சமைத்து, வீட்டை முழுக்கச் சுற்றி வந்து, படித்துறை ஏறிப் பரிமாறிக்கொண்டிருந்தார்.

"இந்தத் தீயிலயே ஒலைய வச்சுர்றேன்னு சொன்னேன், கேட்டாகளா?"

"ஹால்ல சோறு பொங்குனா வாரவுக என்ன நெனைப்பாக?"

"சோறு திங்கிறவுகன்னு நெனைப்பாக."

நானும் சித்தப்பாவிடம் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். இந்த இனத்துக்குக் கண் மட்டுமே உண்டு, காது கிடையாது. சாப்பிட்டுக் கை கழுவும்போது சித்தி குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "அஸ்திவாரம் போட்டப்ப ஒனக்கு ஒரு லெட்டர் போட்டேனே, வந்துச்சா?"

"இல்லையே சித்தி. என்ன எழுதுனீங்க?"

சித்தப்பா பக்கம் ஒரு பார்வை பார்த்தார். "லெட்டர் வாரப்ப பாத்துக்க."

சிரிக்கிறீர்களா? உங்கள் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் கழுத்தை நீட்டிக்கொண்டிருக்கும் சிமென்ட் அன்னம், எந்தக் காலண்டரிலிருந்து இறங்கி வந்தது? உங்கள் வீட்டில் அன்னமே இல்லையா? அப்படியானால் இன்னும் மோசம். வெளியூர் போய் நின்று, பார்த்ததையெல்லாம் படமாக அனுப்பி, பின்னால் ஒரு வரியும் எழுதுகிறவராக இருப்பீர்கள். இந்த இனத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. நான் சொன்னால் நம்பலாம்.

சித்தியின் கடிதம் 1995 நவம்பரில் வந்தது. ஏதோ ஒரு பள்ளிக்கூட அலமாரியில் வருஷக்கணக்கில் தூங்கிவிட்டு, ஐந்து விலாசங்கள் அடிக்கப்பட்டு, மடிப்பெல்லாம் கிழிந்து வந்திருந்தது.

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம். ஹெப்சிபாவுக்குச் சித்தி எழுதுவது. இங்க அஸ்திவாரம் போட்டாச்சு. அடுப்படி இல்லை. கேட்டா படத்துல இல்லைங்கிறாக. நீ போற வீட்டுல எங்கயாச்சும் நல்ல அடுப்படி இருந்தா, உள்ள போயி ஒரு படம் எடுத்து அனுப்பு. சன்னல் தெரியட்டும். பின்பக்கம் ஒரு கதவும் தெரியட்டும். நான் கேட்டேன்னு எழுதிராத. பின்னால மட்டும் உன் கையெழுத்துல, இங்கே இதுதான் நாகரிகம்னு ஒரு வரி எழுதிரு."