இரண்டு முட்டையும் ஒரு லைசென்ஸும்

"காலையில என்ன சாப்பிட்டீங்கய்யா?" என்று நர்ஸம்மா கேட்டதும் டிரைவர் அவசரமாக வாயைத் துடைத்துக்கொண்டார்.

நாற்பது வருஷம் பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற மனுஷர். எழுபத்திரண்டு வயதில் கார் லைசென்ஸைப் புதுப்பிக்க, ஞாபகசக்திச் சோதனை பாஸ் பண்ணியாக வேண்டும். கார் போனால் அவருக்கு உயிரே போன மாதிரி.

பழைய சோதனையில் இந்த நாட்டு ராஜா யார், ராணி யார் என்று கேட்டார்கள். கடல் கடந்து பிழைக்க வந்த தமிழ்க் கிழடுகளுக்கு என்ன தெரியும், பாவம்! வரிசையாக ஃபெயில். அதனால்தான் நர்ஸம்மா தமிழிலேயே புதிதாக ஒன்று தயாரித்திருந்தாள். கேள்விகள் எல்லாம் அவரவர் வாழ்க்கையிலிருந்து. விடை சரியா என்று வீட்டு ஆள் சொல்ல வேண்டும்.

அங்கேதான் வந்தது வினை. வீட்டுக்காரி பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"ஓட்ஸ் கஞ்சிம்மா," என்றார், சர்க்கரை வியாதிக்காரருக்கு உரிய அடக்கத்தோடு. உள்ளே போயிருந்ததோ பேக்கரியில் இரண்டு கிரீம் பன்.

"கஞ்சி அடுப்பு மேல அப்படியே ஆறிப்போய்க் கிடக்குதேம்மா," என்றாள் மனைவி.

நர்ஸம்மா ஒரு முட்டை போட்டாள்.

"சரி, நேத்து சாயங்காலம் எங்க போனீங்க?"

போனது சிநேகிதன் மேஸ்திரி வீட்டுக்கு, சீட்டாட. வீட்டில் சொன்னது என்ன? பூங்காவா, லைப்ரரியா?

"லைப்ரரி."

"என்கிட்ட பூங்கான்னுதானே சொன்னீங்க?"

இரண்டாவது முட்டை.

"பதறாம யோசிங்கய்யா. இன்னொண்ணு தப்பாச்சுன்னா லைசென்ஸ் கிடைக்காது."

வீட்டில் மானமா, ஸ்டியரிங்கா? ஸ்டியரிங்தான் ஜெயித்தது.

"ரெண்டு கிரீம் பன் தின்னேன்! மேஸ்திரி வீட்ல நாலு ஆட்டம் சீட்டு! நாலுலயும் தோத்தேன்! இப்பப் போடும்மா மார்க்கு!"

"ஐயோ, இவர் சீட்டைத் தொட்டே இருபது வருஷமாச்சேம்மா!" மனைவி கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து நர்ஸம்மாவுக்கும் கண் கலங்கிவிட்டது. நடக்காததை நடந்ததாகச் சொல்வது நல்ல அறிகுறி இல்லையே.

"மேஸ்திரிக்குப் போன் போடுங்க! அவன் சொல்லட்டும்!"

நர்ஸம்மா ஸ்பீக்கரில் போட்டாள். "ஆஸ்பத்திரியிலேருந்து பேசறேங்க. டிரைவர் ஐயா நேத்து உங்க வீட்டுக்கு வந்தாரா?"

"யாரு, அவனா? அவனைப் பார்த்தே ஆறு மாசமாச்சேம்மா!"

"அடப்பாவி!" என்று கத்தியவருக்குச் சட்டென்று உறைத்தது. யார் கேட்டாலும் வரவில்லை என்று சொல்லச் சொன்னதே அவர்தானே! சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டாயிற்று. பையிலிருந்து கார் சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

நர்ஸம்மா போனை அணைக்கக் கை நீட்டினாள். அதற்குள் மேஸ்திரியின் குரல் அறை முழுக்கக் கேட்டது:

"தங்கச்சி, பக்கத்துலதானே இருக்கே? நீ நேத்து சொல்லிக்கொடுத்தபடியே அச்சுப் பிசகாம சொல்லிட்டேன். பய உண்மையைக் கக்கிட்டானா?"